பதினோராவது கேள்வி

டாக்டர் அதைக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கயாவது போகணும், ஏதாவது பண்ணணும்னு ஆசை இருந்தா இந்த வருஷமே பண்ணிடுங்க. அடுத்த வருஷத்துக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

கண்ணாடிக்காரருக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடமாக ஜன்னல் கண்ணாடியும் நிலைக்கண்ணாடியும் அறுத்துக் கொடுத்தவர். கண்ணாடியை அறுப்பதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. கண்ணாடி வெட்டும் சிறு சக்கரத்தை வைத்து ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். நடுவில் கை தயங்கினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். மூன்று வருடங்களுக்கு முன்பு அவருடைய கை தயங்க ஆரம்பித்தது. நடுக்குவாதம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு கை போன வழியிலேயே காலும் போனது. நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று இரண்டு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். கதவு நிலை, லிஃப்ட் வாசல், தரையில் ஒரு கோடு, எது வேண்டுமானாலும் போதும். கடையை விட்டு நின்ற பிறகு வீட்டில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில்தான் அவருடைய உலகம் இருந்தது. அதிலும் இரண்டு கதவு நிலைகள்.

அவருடைய மனைவி வெந்நீர்க் கருவிகள் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் வாங்குபவள். பதினேழு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே ஹெட்ஃபோன். ஒரு நாளைக்கு நூறு பேர் குளிர்ந்த நீரில் நின்றுகொண்டு அவளைத் திட்டுவார்கள். அலுவலகத்தில் அவளுக்கு "லைன்ல இருங்க" என்றே பட்டப்பெயர்.

டாக்டரிடம் போய் வந்த மறுவாரம், குடியிருப்புக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அது நடந்தது. குப்பைப் பையைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது கண்ணாடிக்காரரின் கால் உறைந்துவிட்டது. அவள் பழக்கப்படி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, தூக்குங்க" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிள் பூட்டாமல் சுவரில் சாய்ந்திருந்தது. பிடிமானத்துக்காக அதன் ஹேண்டில்பாரைப் பிடித்தவர், என்ன தோன்றியதோ, ஒரு காலைத் தூக்கிச் சீட்டில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

"என்னங்க! ஐயோ, என்னங்க!"

அவர் விழவில்லை. ஓரடி எடுத்து வைக்க முடியாமல் நின்ற மனிதர் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு இன்னொரு சுற்று. முதுகு நேராக இருந்தது. மூன்றாவது சுற்றில் முகத்தில் ஏதோ அசைந்தது. நோய் வந்ததிலிருந்து அந்த முகம் சிரிப்பையும் அழுகையையும் வெளியே விடுவதில்லை, அதனால் அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. நான்காவது சுற்றில் நிறுத்தத் தெரியாமல் வேலிச் செடிக்குள் போய் விழுந்தார். அவள் ஓடிப் போய்த் தூக்கினாள். முழங்கையில் ரத்தம். அவளுடைய காதருகே வந்து, "இன்னொரு தடவை" என்றார்.

"சிலருக்கு அப்படி இருக்கும்மா," என்றார் டாக்டர் போனில். "நடக்க வராது, சைக்கிள் வரும். ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா அதுவும் எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது."

அன்றிலிருந்து இருவருக்கும் வேறு பேச்சே இல்லை. பல பேர் கூட்டமாகச் சேர்ந்து போகும் சைக்கிள் சுற்றுலாக்களை அவள் இணையத்தில் தேடி எடுத்தாள். தனியாகப் போக முடியாது. அவர் விழுந்தால் ஆளில்லாத சாலையில் அவள் ஒருத்தியால் எத்தனை முறை தூக்க முடியும்? கூட்டத்தோடு போனால் வழிகாட்டி இருப்பார், பைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் ஒரு வேன் வரும், முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். அவளுக்கு வருடத்துக்கு ஒரே ஒரு முறை இரண்டு வாரம் விடுப்பு. எந்த வாரம் என்று மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவருக்கு மலைப்பாதைதான் வேண்டும். படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தங்கரைப் பாதையும் நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"எட்டு நாளும் தண்ணியையே பாத்துட்டுப் போகணுமா? நான் என்ன வாத்தா?"

"ஏறுறதை விடுங்க. இறங்குறப்ப பிரேக் பிடிக்கணுமே, உங்க இடது கை வருமா?"

அவர் இடது கையைப் பார்த்தார். மடியில் அது தன்பாட்டுக்கு எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. "சரி, ஆறு" என்றார். ஜெயித்ததில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை.

பிறகு போன் படலம். முதல் நிறுவனத்தில் ஒரு பெண், "அப்படியா மேடம், எங்க சீனியர்கிட்ட பேசிட்டு உங்களைத் தொடர்பு கொள்றோம்" என்றாள். இரண்டாவதில், "உங்க தகவலைப் பதிவு பண்ணிக்கிட்டோம்." மூன்றாவதில் காப்பீடு இடம் கொடுக்காது என்றார்கள். இந்த வாக்கியங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பதினேழு வருடமாக அவளே மற்றவர்களுக்குச் சொல்லி வருபவை. இவற்றில் எதற்கும் "இல்லை" என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. ஆறாவது நிறுவனத்தில் ஒருவர் மட்டும் மனசாரப் பேசினார். "நோயாளிகளுக்குன்னு தனி டூர் இருக்கான்னு பாருங்களேன்" என்றார். அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தாள்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது ஏழாவது கிடைத்தது. சிறிய அமைப்பு, ஆற்றங்கரைப் பாதை, எட்டு நாள், பன்னிரண்டு பேர். அதில் இரண்டு இடம் மிச்சம் இருந்தது. போன் பேச வேண்டியதில்லை, இணையத்தில் படிவம் நிரப்பினால் போதும். பெயர், வயது, உயரம், உணவு. பதினோராவது கேள்வி: நரம்பு, மூளை, இதயம் தொடர்பான நோய் ஏதேனும் உண்டா?

மதிய இடைவேளை முடிய ஆறு நிமிடம் இருந்தது. கட்டை விரல் திரைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. "இல்லை" என்ற கட்டத்தைத் தொட்டாள். இருவருக்கும் இடம் உறுதி என்று உடனே செய்தி வந்துவிட்டது.

வேறு ஊரில் மருந்தாளுநராக இருக்கும் மகளிடம் மட்டும் சொன்னாள். மகள் கத்தினாள். "அம்மா, உனக்கென்ன பைத்தியமா? பதினோரு மணிக்கு அப்பாவுக்கு மாத்திரை வேகம் இறங்கிடும். கூட்டத்துக்கு நடுவுல சைக்கிள்ல வச்சு இறங்குச்சுன்னா?"

"இறங்குறதுக்கு முன்னாடி அடுத்ததைக் கொடுத்துடுவேன்."

"கொடுத்தவுடனே வேலை செய்ய அது என்ன சுவிட்சா? அப்பாவுக்குத் தெரியுமா, நீ பொய் எழுதினது?"

"நீ சொல்லாத. கெஞ்சிக் கேக்கறேன். அவர் வாழ்க்கைல ஆசைப்பட்டதே இது ஒண்ணுதான்."

"எதையாவது பண்ணு" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

சுற்றுலாவுக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளாளுக்கு சைக்கிள் அளவு பார்ப்பதற்காக எல்லோரையும் தங்கள் சைக்கிள் கிடங்குக்கு வரச் சொன்னார்கள். அமைப்பை நடத்துபவள் நாற்பது வயதுப் பெண். வெயிலில் காய்ந்த கழுத்து, பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. எல்லோரும் அவளை லீடர் என்றே கூப்பிட்டார்கள். பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது. இரண்டு பேர் தாமதமாக வந்தார்கள். பிறகு லீடர் பேசினாள். கை சைகைகள், இடைவெளி, முன்னால் போகிறவர் நிற்கும் முன் குரல் கொடுப்பது. அவள் பேசப் பேச மனைவி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே முக்கால். பதினொன்று. பையில் கை விட்டு மாத்திரையை எடுத்து அவருக்குக் கொடுத்தாள். "என்னம்மா, தலைவலியா?" என்று பக்கத்தில் இருந்த, அதே சுற்றுலாவுக்கு வரும் பல் டாக்டர் ஒருவர் கேட்டார். "ஆமா" என்றாள். அதுவும் ஒரு பொய்.

"சரி, எல்லாரும் வெளிய வாங்க. ஒரு ரவுண்ட் போய்ப் பாப்போம்."

கிடங்கின் வாசலில் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை பதித்திருந்தது. பத்து பேர் அதைத் தாண்டிப் போனார்கள். கண்ணாடிக்காரர் அதன் முன்னால் வந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவள் கிசுகிசுத்தாள். "தூக்குங்க. என்னங்க, தூக்குங்களேன்."

குதிகால்கள் நடுங்கின, பாதம் எழவில்லை. உடம்பு முன்னால் போகப் பார்த்தது, கால் விடவில்லை. வெளியே வெயிலில் பத்து பேரும் ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பாவம்" என்று யாரோ மெல்லச் சொன்னது, சத்தம் இல்லாத அந்த முற்றத்தில் நன்றாகவே கேட்டது.

லீடர் வந்தாள். அவரைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம்."

"படிவத்துல இல்லைன்னு போட்டிருந்தீங்க."

"சைக்கிள் நல்லா ஓட்டுவார். நிஜமாச் சொல்றேன். ஒரு சைக்கிளைக் கொண்டு வரச் சொல்லுங்க, இப்பவே ஓட்டிக் காட்டுவார்."

கொண்டு வந்தார்கள். அவர் ஏறினார். முற்றத்தைச் சுற்றி மூன்று முறை, இருபது வயதுப் பையனைப்போல வளைந்து வளைந்து ஓட்டினார். பல் டாக்டர் கை தட்டினார். நிறுத்தும் நேரத்தில் கால் பெடலை விட்டு வரவில்லை. சைக்கிளோடு சேர்ந்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, வரிசையாக நிறுத்தியிருந்த மற்ற சைக்கிள்களின் மேல் விழுந்தார். நான்கு சைக்கிள்கள் அவரோடு சரிந்தன.

"மன்னிச்சுக்கங்க," என்றாள் லீடர். "என்னால முடியாது."

அவள் லீடரின் கையைப் பிடித்தாள். "ஒரு நாளாவது. முதல் நாள் மட்டும். நாங்க கடைசில வர்றோம், யாருக்கும் தொந்தரவு தர மாட்டோம். உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

"கையை எடுங்க." லீடரின் குரல் ஏறவில்லை. "அவருக்கு நோய் இருக்குன்னு எனக்குக் கோபம் இல்ல. ஒருத்தர் விழுந்தா பின்னாடி வர்றவங்க அவர் மேலதான் விழுவாங்க. அது தெரிஞ்சும் மறைச்சீங்க. இனி நீங்க எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்புறது?"

பேருந்தில் வீட்டுக்கு வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவர் பேசினார். நோய் அவருடைய குரலையும் அரித்துவிட்டிருந்தது. திட்டு வாங்குவதற்குக்கூட அவள் பக்கத்தில் போய்க் குனிந்து காது கொடுக்க வேண்டியிருந்தது.

"பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போன்னு நான் கேட்டேனா?"

"உண்மையைச் சொன்னா யாருமே சேத்துக்கலைங்க. ஆறு பேர்கிட்ட கேட்டேன்."

"மூணு வருஷமா இதோடதான் எழுந்திருக்கேன், இதோடதான் சாப்பிடறேன். நீ ஒரு கட்டத்தைத் தொட்டு இல்லைன்னுட்ட. அவங்க எல்லாரும் பாத்தப்ப எனக்கு நோயைப் பத்தி வெக்கமா இல்ல. திருட்டுத்தனமா வந்து மாட்டிக்கிட்டவன் மாதிரி நின்னேன் பாரு, அதுதான்."

அவளுக்குள் ஏதோ உடைந்தது. "எனக்கும் இந்த ஒரு வருஷம்தாங்க இருக்கு!" என்று கத்தினாள். "உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. இது முடிஞ்சா அப்புறம் நான் உங்களுக்கு நர்ஸ். குளிப்பாட்டணும், ஊட்டணும், புரட்டிப் போடணும். செய்வேன், செய்யாம எங்க போகப்போறேன்? அதுக்கு முன்னாடி உங்ககூட ஒரு எட்டு நாள், பொண்டாட்டியா! அதுக்குத்தான் எழுதினேன். அதுக்குத்தான்!"

சொன்னதை எல்லாம் திரும்ப விழுங்க முடியாதா என்று இருந்தது. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை, தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். வலது கை மேசையின் மேல் ஊர்ந்து வந்து அவள் கைக்கு மேல் படுத்தது. கொஞ்ச நேரத்தில், "ஒரு பேப்பர் எடு" என்றார்.

அவர் எழுத்து எறும்பு வரிசைபோல் சுருங்கிவிட்டதால் அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். காலை ஏழரைக்கு மாத்திரை, எட்டரையிலிருந்து பதினொன்று வரை நன்றாக ஓட்டுவேன். தானாக நிறுத்தி இறங்க முடியாது, ஒரு ஆள் பிடிக்க வேண்டும். இடது பிரேக் பலமில்லை. வாசல், கோடு, குறுகிய இடம் என்றால் கால் நின்றுவிடும். நின்றுவிட்டால் இழுக்கக் கூடாது. நான் பேசுவது கேட்காது. பேசவில்லை என்றால் கோபம் என்று அர்த்தமில்லை. பதினொன்றுக்குப் பிறகு என்னை நம்ப வேண்டாம். கடைசி வரியை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அலுவலகத்தில், இரண்டு அழைப்புகளுக்கு நடுவில், லீடருக்குப் போன் செய்தாள். "எதுவும் கேக்கறதுக்காக இல்ல. அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்ப சொல்றேன்" என்று அந்தத் தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு லீடர் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். விழுந்தால் எந்தப் பக்கம் விழுவார்? மழையில் ஓட்டியிருக்கிறாரா? பின்னால் மணி அடித்தால் மிரளுவாரா? அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள்.

"எட்டு நாள் டூருக்கு முடியவே முடியாது," என்றாள் லீடர். "அடுத்த மாசம் மூணு நாள் ஒண்ணு போறேன். பழைய ரயில் பாதை. தண்டவாளத்தை எடுத்துட்டு ரோடு போட்டிருக்காங்க, நேரா போகும், சிக்னல் கிடையாது. ஆறு பேர் வர்றாங்க. இந்தப் பேப்பரை அவங்களுக்கு அனுப்பணும். ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் வேண்டாம்தான். நான் கூப்பிடறேன்."

"நான் கூப்பிடறேன்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது? அவரிடம் சொல்லாமல் இரண்டு நாள் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் மாலை அழைப்பு வந்தது. ஒருவர் தயங்கினாராம். விஷயம் தெரிந்த பல் டாக்டர் ஆற்றங்கரையை விட்டுவிட்டு இந்த டூருக்கு மாறிக்கொண்டு, நிற்கும் இடத்தில் எல்லாம் தானே வந்து பிடிப்பதாகச் சொன்ன பிறகு தயங்கியவரும் சம்மதித்தாராம். அவள் நன்றி சொல்ல வாயைத் திறந்தாள், வந்தது விக்கல்தான். விடுப்பை மாற்ற மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான் என்றார். "அப்ப சம்பளமில்லாம மூணு நாள் வர மாட்டேன், என்ன வேணா பண்ணிக்கங்க" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவர் எதுவும் பண்ணவில்லை.

ரயில் பாதையில் முதல் நாள் காலை கண்ணாடிக்காரர் இருபத்து மூன்று கிலோமீட்டர் ஓட்டினார். நான்கு முறை நிறுத்தினார்கள். நான்கு முறையும் லீடர் ஒரு பக்கமும் பல் டாக்டர் இன்னொரு பக்கமும் ஓடி வந்து பிடித்தார்கள். ஒரு பழைய பாலத்தின் மேல் போகும்போது அவர் அவளை முந்திக்கொண்டு போனார். வேண்டுமென்றேதான். "பாத்துப் போங்க!" என்று கத்தியபடி துரத்தினாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவரைத் துரத்தியதே இல்லை என்று அப்போது தோன்றியது. பதினோரு மணிக்கு அவரை வேனில் ஏற்றினார்கள்.

இரண்டாம் நாள் மழை. எட்டு கிலோமீட்டரோடு சரி.

மூன்றாம் நாள் காலை மாத்திரை வேலை செய்யவே இல்லை. எட்டரை ஆனது, ஒன்பது ஆனது. விடுதி முற்றத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலைத் தூக்கவே வரவில்லை. நடக்க வராத கால் இது, மிதிக்கும் கால் வேறு என்று இருவரும் நம்பியிருந்தார்கள். இப்போது அதுவும் வராது என்று ஆனது. மற்ற ஏழு பேரும் செயினையும் டயரையும் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். அவரைத் தூக்கி வேனின் முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். அவள் தன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறப் போனாள்.

அவர் எதையோ சொன்னார். கேட்கவில்லை. ஜன்னலில் தலையை விட்டாள்.

"நீ ஏறாத."

"உங்களை விட்டுட்டு நான் எப்படி..."

"நீ ஏறினா நான் இறங்கிடுவேன்."

அவர் இறங்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு சேர்ந்தே அழுகையும். "எனக்கு வேண்டாங்க. நீங்க இல்லாம எனக்கு எதுக்கு?"

"நான் பின்னாடிதானே வரேன்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக. "முன்னாடி நீ போ. நான் பாக்கணும்."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வார் பூட்டு இரண்டு முறை வழுக்கியது, லீடர் வந்து மாட்டிவிட்டாள். ஏழு பேரும் லீடரும் முன்னே போக, அவள் கடைசியாகக் கிளம்பினாள். பாதை நேராக, மரங்களுக்கு நடுவில், முடிவே இல்லாததுபோல் போய்க்கொண்டிருந்தது. வேன் அவளுக்குப் பின்னால், அவள் வேகத்துக்கே, முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவோம் என்று பயம். வாய்விட்டு அழுதுகொண்டே மிதித்தாள். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு முதுகுதான் தெரியும் என்பதால் முதுகை மட்டும் நேராக வைத்துக்கொண்டாள்.